தட்டில் தங்கிய ஊர்கள்

"அமெரிக்காவுக்குப் போகிறாயாமே! நயாகரா நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டு வா" என்றார் மாமா.

நாம் பார்க்கப் போவது நயாகரா அல்ல, மிஸிஸிப்பி நதியோரத்துப் பருத்திக் காடு என்று பணிவுடன் தெரிவித்துக் கொண்டோம்.

"பருத்திக் காட்டில் என்னப்பா இருக்கிறது, நம் கோவில்பட்டியில் இல்லாதது?"

"சங்கீதம் இருக்கிறது, மாமா. ப்ளூஸ் என்றும் ஜாஸ் என்றும் சொல்கிறார்களே..."

"ஓகோ, அதுவா! தகரக் குடத்தில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினால் அந்தச் சங்கீதம் நம் வீட்டுக் கொல்லையிலேயே கேட்குமே! அதற்கு ஏழு கடல் தாண்ட வேண்டுமா?"

மாமா நாற்பது வருஷமாக மார்கழிக் கச்சேரிகளை ஒன்றுவிடாமல் கேட்டு வருகிறவர். தாளம் போட்டுப் போட்டு அவருடைய வேஷ்டி தொடைப் பக்கத்தில் மட்டும் சீக்கிரம் நைந்து போகிறது என்பது மாமியின் புகார். அப்பேர்ப்பட்ட ரஸிகரிடம் வாதாடி ஜயிக்க இந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியாரால் ஆகுமா? வாயை மூடிக்கொண்டு மூட்டையைக் கட்டினோம்.

நம் தம்பி மெம்பிஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் உத்தியோகம் பார்க்கிறான். அவன்தான் யோசனை சொன்னவன். "அண்ணா, இந்தப் பாட்டுக்களைக் கைப்பேசியில் எங்கே வேண்டுமானாலும் கேட்டுவிடலாம். ஆனால் எந்த ஊரில் எந்தப் பாட்டுப் பிறந்ததோ, அந்த ஊரிலேயே அதைக் கேட்டுப் பாருங்கள்" என்றான். கோடை விடுமுறையில் ஒரு வாரம். மோட்டார் வண்டியில் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகள். மெம்பிஸிலிருந்து 61-ஆம் எண் நெடுஞ்சாலை வழியே தெற்கே புறப்பட்டோம்.

டெல்டா என்றதும் தஞ்சை ஜில்லாவைப் போல் நதி கடலோடு கலக்கும் கழிமுகம் என்று எண்ணிவிடக் கூடாது. கடல் அங்கிருந்து வெகு தூரம். மிஸிஸிப்பி, யாஸூ என்னும் இரண்டு நதிகளுக்கு நடுவே, மெம்பிஸ் தொடங்கி விக்ஸ்பர்க் வரையில் சுமார் 200 மைல் நீளத்துக்குப் பரந்து கிடக்கும் வண்டல் பூமிக்குத்தான் அந்தப் பெயர். அதில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. பருத்தியும் சோயா மொச்சையும் அடிவானம் வரையில் செல்கின்றன. அடிமைத்தனம் 1865-ஆம் வருஷத்தில் சட்டப்படி ஒழிந்த பிறகும், கறுப்பின மக்கள் இங்கே பண்ணை நிலங்களில் வாரத்துக்கு உழுதார்கள். விளைச்சலில் பாதி பண்ணையாருக்கு. மீதிப் பாதியில் விதைக் கடனும் கடைக் கடனும் போனால், வருஷக் கடைசியில் கையில் நிற்பது பெரும்பாலும் புதுக் கடன்தான். இந்தக் கணக்கைத் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

கிளார்க்ஸ்டேல் என்ற ஊருக்குத் தென்கிழக்கே சிறிது தூரத்தில் டட்வைலர் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. வண்டியை முதலில் அங்கே நிறுத்தினோம். டபிள்யூ. ஸி. ஹாண்டி என்ற வாத்திய கோஷ்டித் தலைவர் 1903-ஆம் வருஷ வாக்கில் ஓர் இரவு இந்த ஊர் ஸ்டேஷனில் ரயிலுக்காகக் காத்திருந்தாராம். கந்தல் உடுத்திய ஒரு கறுப்பு மனிதர் பக்கத்தில் அமர்ந்து, கத்தியைக் கிட்டார் தந்திகளின் மேல் அழுத்தி வழுக்கி வாசித்துக் கொண்டே பாடினார். ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடினார். அப்படி ஒரு விநோதமான இசையை அதுவரை கேட்டதில்லை என்று ஹாண்டி தம் சுயசரிதையில் எழுதி வைத்தார். பின்னர் ஹாண்டி ப்ளூஸ் பாட்டுக்களை அச்சில் வெளியிட்டுப் பேரும் புகழும் பெற்றார். ஸ்டேஷனில் பாடியவரின் பெயர் என்ன? அது யாருக்கும் தெரியாது. ஸ்டேஷன் கட்டடமும் இப்போது இல்லை. சுவரில் எழுதிய சித்திரம் ஒன்றுதான் அந்த இரவை நினைவூட்டுகிறது.

தந்தியின் மேல் கத்தியை வழுக்குவது என்றதும் நமக்குக் கோட்டுவாத்தியம் ஞாபகம் வந்தது. ப்ளூஸின் ரகசியமும் அந்த வழுக்கலில்தான் இருக்கிறது. காந்தாரமும் நிஷாதமும் அதில் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே எங்கேயோ குரல் குழைகிறது. கட்டுமானம் என்னவோ வெகு எளிது. நான்கு நான்கு அக்ஷரமாக 12 பகுதி, ஆக 48 அக்ஷரம் ஓர் ஆவர்த்தம். முதலில் ஓர் அடியைப் பாடி, அதையே மறுபடியும் பாடி, மூன்றாவது அடியில் அதற்கு விடை சொல்ல வேண்டியது. பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் கிட்டார் பதில் பேசும். இவ்வளவுதான் இலக்கணம். இந்தச் சின்னக் கூட்டுக்குள் எத்தனை துக்கமும் எத்தனை பரிகாசமும் அடங்குகின்றன என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிளார்க்ஸ்டேலில் பழைய சரக்கு ரயில் நிலையத்தை ப்ளூஸ் காட்சிச்சாலையாக்கியிருக்கிறார்கள். அதற்குள்ளே ஒரு மரக் குடிசையின் எஞ்சிய பாகம் இருக்கிறது. ஸ்டோவால் பண்ணையில் டிராக்டர் ஓட்டிக் கொண்டிருந்த மட்டி வாட்டர்ஸின் குடிசை அது. 1941-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் சார்பில் ஆலன் லோமாக்ஸும், பிஸ்க் சர்வகலாசாலையின் கறுப்பினப் பேராசிரியர் ஜான் வொர்க்கும் ஒலிப்பதிவு யந்திரத்துடன் அவரைத் தேடி வந்தார்கள். வாட்டர்ஸ் பாடினார், பிறகு தம் குரலைத் தாமே கேட்டார். இத்தனை நாளும் பண்ணை ஆளாக இருந்தவருக்குத் தாமும் ஒரு பாடகர் என்ற நிச்சயம் அப்போது பிறந்தது. 1943-இல் அவர் சிகாகோவுக்கு ரயில் ஏறிவிட்டார். பின்னால் அவர் மின்சாரக் கிட்டாரில் செய்த கர்ஜனையை உலகமே அறியும். ஆனால் வாசகர்கள் முதலில் தேட வேண்டியது "தி கம்ப்ளீட் பிளாண்டேஷன் ரெகார்டிங்ஸ்" என்று 1993-இல் வெளிவந்த தொகுப்பை. பாட்டுக்கு நடுவே கேள்வி கேட்பதும் பதில் சொல்வதும்கூட அதில் பதிவாகியிருக்கின்றன. சரித்திர வாத்தியாருக்கு இதைவிட என்ன வேண்டும்? வருத்தம் ஒன்றுதான். லோமாக்ஸின் பெயர் பரவிய அளவுக்கு வொர்க்கின் பெயர் பரவ வெகு காலம் பிடித்தது.

அங்கிருந்து டாக்கெரி பண்ணைக்குச் சென்றோம். 1895-இல் நிறுவிய பண்ணை என்று விதைக் கிடங்கின் மேல் இன்றும் எழுதியிருக்கிறது. இங்கே வாழ்ந்தவர்களில் ஒருவர் சார்லி பாட்டன். கரகரத்த குரல், கிட்டாரை மத்தளமாகவும் பாவிக்கிற கை. 1929-இல் இவருடைய தட்டுகளை வெளியிட்ட பாரமவுண்ட் கம்பெனியின் பூர்வோத்தரம் வேடிக்கையானது. விஸ்கான்ஸினில் நாற்காலி செய்து விற்ற கம்பெனிதான் அதன் தாய். கிராமபோன் பெட்டி செய்யத் தொடங்கினார்கள்; தட்டு இருந்தால்தானே பெட்டி விற்கும் என்று தட்டும் போட்டார்கள்! மலிவான அரக்குத் தட்டுகள். மூல அச்சுகளில் பெரும்பகுதி அழிந்துவிட்டபடியால், தேய்ந்த பிரதிகளிலிருந்துதான் இன்று பாட்டனைக் கேட்க முடிகிறது. "பவுண்டர் ஆப் தி டெல்டா ப்ளூஸ்" என்ற தொகுப்பைப் போட்டதும் தோசைக்கல்லில் எண்ணெய் பொரிவது போன்ற இரைச்சல்தான் முதலில் எழுந்தது. பத்து நிமிஷம் பொறுத்தால் காது பழகிவிடுகிறது. 1927-ஆம் வருஷம் நதிக்கரை உடைந்து டெல்டா முழுவதும் வெள்ளக்காடாகிய சமாசாரத்தைத் தட்டின் இரண்டு பக்கத்திலும் பாடியிருக்கிறார். வண்டியின் இருபுறமும் சமதரையைப் பார்த்துக் கொண்டே கேட்டோம். ஓடி ஒளிய ஒரு குன்றுகூட இல்லாத ஊரில் வெள்ளம் என்றால் என்னவென்று அப்போது புரிந்தது.

கிரீன்வுட் நகருக்கு வடக்கே அவலான் என்று ஒரு குக்கிராமம். மிஸிஸிப்பி ஜான் ஹர்ட் என்ற குடியானவர் இவ்வூர்க்காரர். 1928-இல் மெம்பிஸுக்கும் நியூயார்க்குக்கும் அழைத்துப் போய்ச் சில பாட்டுக்களைப் பதிவு செய்தார்கள். தட்டு அதிகம் விற்கவில்லை. பஞ்ச காலமும் வந்தது. ஹர்ட் ஊருக்குத் திரும்பி வயல் வேலையும் மாடு மேய்ப்பதுமாக முப்பத்தைந்து வருஷம் கழித்தார். ஆனால் ஒரு பாட்டில் தம் ஊரின் பெயரைச் சொல்லி வைத்திருந்தார். பழைய தட்டுகளில் மோகங்கொண்ட டாம் ஹாஸ்கின்ஸ் என்ற வாலிபர் அந்தப் பெயரைக் கேட்டு, பழைய நிலப்படத்தில் தேடிப் பிடித்து, 1963-இல் நேரே வந்து விசாரித்தார். ஹர்ட் உயிரோடு இருந்தார்! அவ்வருஷமே நியூபோர்ட் இசை விழாவில் ஆயிரக்கணக்கான ஜனங்களின் முன்னால் பாடினார். 1966-இல் காலமானார்.

கிடைத்தது மூன்றே வருஷம். இழந்தது முப்பத்தைந்து. இந்தக் கணக்கை எண்ணும்போது சந்தோஷப்படுவதா, துக்கப்படுவதா என்று தெரியவில்லை. ஆனால் 1928-ஆம் வருஷத்துப் பாட்டுக்களையும், கிழப்பருவத்தில் பாடிய "டுடே" என்ற தட்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரு விஷயம் தெளிவாகிறது. கசப்பு என்பது அந்தக் குரலில் இரண்டாம் தடவையும் ஏறவே இல்லை. கட்டை விரல் ஒரு பக்கம் நடை போட, மற்ற விரல்கள் பாட்டைத் தாலாட்டுகின்றன. அவர் குடியிருந்த சிறு வீட்டைக் காட்சிச்சாலையாக வைத்திருந்தார்கள். 2024-இல் அது தீக்கிரையாகிவிட்டது. மரங்களுக்கு நடுவே வண்டியை நிறுத்திவிட்டுத் தட்டைப் போட்டோம். வீடு இல்லை, பாட்டு இருந்தது.

கடைசியாக நியூ ஆர்லியன்ஸ். ஜாஸின் தாய்வீடு. அடிமைகள் ஞாயிறுதோறும் கூடிப் பறை முழக்கி ஆடிய காங்கோ சதுக்கம் இன்று ஒரு பூங்காவினுள் நிழலில் கிடக்கிறது. லூயி ஆம்ஸ்டிராங் சிறுவனாக இருந்தபோது வேலை செய்து வந்த கார்னோப்ஸ்கி குடும்பத்தாரின் கடை 2021-ஆம் வருஷப் புயலில் இடிந்து விழுந்துவிட்டது. ஆனால் ஆம்ஸ்டிராங் 1925 முதல் 1928 வரையில் சிகாகோவில் "ஹாட் பைவ்" கோஷ்டியுடன் பதிவு செய்த தட்டுகள் இடியவில்லை. "வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்" என்பதில், மற்ற வாத்தியங்கள் காத்திருக்க, அவர் தனியாக எக்காளத்தில் செய்யும் கால் நிமிஷ ஆலாபனையைக் கேட்ட பிறகு "ஜாஸ் என்றால் இரைச்சல்" என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள்.

அதே நகரில் முதல் வீதியில் ஒரு சிறு மரவீட்டின் முன்னால் வெகுநேரம் நின்றோம். பட்டி போல்டன் குடியிருந்த வீடு அது. ஜாஸின் முதல் சக்கரவர்த்தி என்று மூத்த வித்வான்கள் இவரைத்தான் சொன்னார்கள். கார்னெட் என்னும் சிறு எக்காளத்தை இவர் ஊதினால் ஊரே கேட்குமாம். 1907-இல் சித்தப்பிரமை பிடித்து ஆஸ்பத்திரிக்குச் சென்றவர், 1931-இல் அங்கேயே மாண்டார். மெழுகு உருளையில் ஒரு முறை வாசித்தார் என்று ஒரு பேச்சு உண்டு. அந்த உருளை கிடைக்கவே இல்லை. 1938-இல் ஜெல்லி ரோல் மார்ட்டன் என்ற பியானோ வித்வான் காங்கிரஸ் நூலகத்துக்காகத் தம் வாழ்க்கையைப் பேசியும் வாசித்தும் பதிந்து வைத்தார். அதில் போல்டனை நினைவு கூர்ந்து ஒரு பாட்டுப் பாடுகிறார். 2005-இல் அந்தப் பதிவுகள் முழுமையாக வெளிவந்தன. போல்டனின் நிழலாக நமக்கு மிஞ்சியது அவ்வளவே. அந்த வீட்டின் முன்னால் நின்றபோது போடுவதற்கு நம்மிடம் தட்டு ஒன்றும் இல்லை.

ஊர் திரும்பியதும் மாமா வந்தார். "என்னப்பா, தகரக் குடம் கொண்டு வந்தாயா?" என்றார். பதில் சொல்லாமல் ஒரு தட்டைப் போட்டோம். 1995-இல் வெளிவந்த "மும்தாஜ் மஹல்" என்ற தொகுப்பு அது. தாஜ் மஹல் என்று பெயர் வைத்துக் கொண்ட அமெரிக்க ப்ளூஸ் பாடகர் பாட, வடக்கத்திய விசுவமோகன் பட்டும் நம் ரவிகிரணும் உடன் வாசித்திருக்கிறார்கள்.

மாமாவின் கை தானாகத் தொடைக்குப் போயிற்று. "அடே, இது கோட்டுவாத்தியம் அல்லவா! இவன் குரலுக்கு எப்படி இழைகிறது!" என்றார். டட்வைலர் ஸ்டேஷன் மனிதரையும், மாடு மேய்த்த ஹர்ட்டையும், போல்டனையும் பற்றிச் சொன்னோம்.

"அந்தக் கார்னெட்காரர் வாசித்ததில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லையா?"

"ஒன்றுகூட இல்லை, மாமா."

மாமா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கள் ஊர்க் கோவிலில் ஒருவர் நாயனம் வாசிப்பார். அர்த்தஜாமத்தில் அவருடைய நீலாம்பரியைக் கேட்டுவிட்டுத்தான் ஊர் தூங்கும். அவரைத் தேடித் தட்டு எடுக்க யாரும் வரவில்லை. கேட்டவர்களில் நான் ஒருவன்தான் பாக்கி" என்றார்.

வேஷ்டியைச் சரிப்படுத்திக் கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த ஹர்ட் என்பவருடைய தட்டு இருக்கிறதா? அதைப் போடு, கேட்போம்."