ஒரு கொம்பும் ஒரு காலும்

பணியினின்று ஓய்வு பெற்றபின், என் ஆசிரியர் தம் தொல்காப்பியப் படியின் ஓரங்களில் எழுதிவைத்த குறிப்புகளைக் கணினியில் பெயர்த்தெழுதத் தொடங்கினேன். அப்படியின் தாள்கள் தொட்டால் உதிர்வன. ஒரு பக்கத்தை இருமுறை புரட்டவும் அஞ்சுவேன். எழுதுதற்குக் கொண்ட உரைத் தொகுப்பியை யான் மூடுவதில்லை. அது நாட்கணக்கில் திறந்தே கிடக்கும்.

அந்நிரல் சில வேளைகளில் முன்னறிவிப்பின்றித் தானே மூடிக்கொண்டது. சேமியாத பக்கங்கள் மறைந்தன. மீண்டும் திறந்தால் ஒன்றும் நிகழாததுபோல் இயங்கும். அதே செயலைச் செய்துபார்த்தாலும் பிழை தோன்றாது. நாள் தவறாது வரும் காய்ச்சலை மருத்துவர் அறிவார். நினைத்தபோது வந்து போவதை எங்ஙனம் அறிவார்?

அக்கணினியில் என் பெயர்த்தி விளையாடுவதுண்டு. அவளே எதையோ கெடுத்தாள் எனக் கடிந்துகொண்டேன். அழுதாள்; அன்று முதல் கணினியைத் தொடவில்லை. பிழை மட்டும் நீங்கவில்லை.

நிரல் எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட என் பழைய மாணாக்கர் ஒருவரிடம் முறையிட்டேன். "ஐயா, ஒவ்வொரு முறையும் நாள், நேரம், அதற்குமுன் செய்தவை யாவற்றையும் குறித்துவையுங்கள்" என்றார். 40 நாட்களில் 7 முறை குறித்தேன். நினைவகத்தை ஓரிரவு முழுவதும் சோதித்தோம், குறையில்லை. குறிப்பேடோ இரண்டு செய்திகளைக் காட்டிற்று. திறந்த முதல் நாளில் நிரல் ஒருபோதும் வீழ்ந்ததில்லை. வீழ்ந்த நாட்களிலெல்லாம், சில மணி நேரத்திற்கு முன், நண்பர் அனுப்பிய கோப்பொன்றில் யான் சொல் தேடியிருந்தேன்.

மாணாக்கர் அந்நிரலுக்கு ஒரு காவல் வைத்தார். நினைவகத்தில் ஒதுக்கப்படும் ஒவ்வோர் இடத்திற்கும் இருமருங்கும் வேலியிட்டு, எல்லை கடந்த அக்கணமே நிரலை நிறுத்துவது அக்காவல். நிரல் ஏறத்தாழ இருமடங்கு மெதுவாக ஓடும் என்றார், எனக்கென்ன அவசரம்? நண்பரின் கோப்பில் 'கொ' எனத் தொடங்கும் சொல்லைத் தேடியதும் நின்றது.

ஒருங்குறியில் 'கொ' இரு வகையாக அமையும். ககரத்தின்பின் கொம்பும் காலும் இணைந்த ஒரே குறி வருவது ஒன்று. அவை தனித்தனிக் குறிகளாக வருவது மற்றொன்று. (திரையில் கொம்பு முன்னே தோன்றினும், கணினி அதனை மெய்யின் பின்னரே வைக்கிறது. இஃது இலக்கணம் கற்றார்க்கு உவப்பாகும்.) கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்ளுமாதலின், முன்னது 6 பைட்டு, பின்னது 9. நண்பர் எழுதியது பின்னது. நிரலோ 6 பைட்டுக்கு இடம் ஒதுக்கி, 9 பைட்டை அதிற் கொட்டியது.

திறந்த புதிதில் அடுத்த இடம் வெறுமையாயிருந்தமையால் தீங்கு விளையவில்லை. நாட்செல்ல இடமெல்லாம் நிறைய, மிகுந்த 3 பைட்டு பிறிதொன்றின்மேல் விழுந்தது. கெட்ட அவ்விடத்தை நிரல் பின்னொரு வேளையில் நாடியபோதே வீழ்ந்தது. மேல்வயலில் வரப்பு உடையக் கீழ்வயலில் பயிர் அழுகுவது போல. ஏடு ஒப்பிட்டோர்க்கு இது புதிதன்று. எழுதுவோன் ஓரிடத்தில் செய்த பிழை, பொருள் முட்டும் வேறோரிடத்திலன்றோ நம்மைத் தடுக்கும்?

திருத்தம் ஒரே வரி. மாணாக்கர் அதனை நிரல் செய்தோர்க்கும் அனுப்பிவைத்தார்.

குறிப்பேட்டை மீண்டும் புரட்டினேன். அந்த 7 நாட்களும் பெயர்த்தி கணினியைத் தொடாத நாட்கள். குறித்தபோதே யான் அதனைக் கண்டிருத்தல் வேண்டும். அன்று மாலை அவளை அழைத்து, என் கடுஞ்சொல்லுக்கு வருந்துவதாகக் கூறினேன். அவளோ, 'கொ' என்பதை இருவகையாகவும் தட்டச்சிட்டு, வேறுபாடு தெரிகிறதா எனத் திரையை உற்று நோக்கிக்கொண்டிருந்தாள்.