வெற்றிடத்தின் விலை

இலக்கியம் கற்பிப்பவனுக்குக் கூடைப்பந்து வீரர்களின் ஊதியக் கணக்கில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. உண்மையில், ஆட்டத்தைக் காட்டிலும் அந்தக் கணக்கே என்னைப் பல இரவுகள் விழித்திருக்கச் செய்திருக்கிறது. ஒரு மனிதனின் மதிப்பு அவன் திறமையால் மட்டுமன்றி, ஒப்பந்தத்தில் எஞ்சியிருக்கும் ஆண்டுகளாலும் அளக்கப்படும் உலகம் அது.

அமெரிக்காவின் என்.பி.ஏ. அணிகளுக்கு ஊதிய உச்சவரம்பு உண்டு. சொந்த வீரர்களைத் தக்கவைக்க அதைத் தாண்டலாம். ஓர் எல்லைக்கு மேல் கடும் வரி விழும். ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி இதன் கசப்பை 2012இல் அறிந்தது. இறுதிச்சுற்றில் தோற்ற சில மாதங்களிலேயே, புதிய ஒப்பந்தத்தில் உடன்பாடு எட்டாததால், ஜேம்ஸ் ஹார்டனை ஹூஸ்டனுக்கு அனுப்பிவிட்டது. மீண்டும் இறுதிச்சுற்றைக் காண அந்நகரம் 13 ஆண்டுகள் காத்திருந்தது.

2019இல் பொது மேலாளர் சாம் பிரெஸ்டி அணியைக் கலைத்தார். பால் ஜார்ஜைக் கிளிப்பர்ஸ் அணிக்குக் கொடுத்து, ஓராண்டே ஆடியிருந்த ஷே கில்ஜஸ் அலெக்சாண்டரையும் ஐந்து முதல்சுற்றுத் தேர்வுரிமைகளையும் பெற்றார். பின்னர் அவர் செய்தது நுட்பமானது. பிற அணிகள் சுமக்க இயலாத ஒப்பந்தங்களைத் தாம் ஏற்று, அதற்குக் கூலியாக மேலும் தேர்வுரிமைகளை வாங்கினார். வெற்றிடத்தை வாடகைக்கு விடுவது என்று இதைச் சொல்லலாம்.

அப்படி 2020இல் வந்தவர் அல் ஹார்ஃபோர்ட். 28 ஆட்டங்களுக்குப் பின், இளைஞர்களுக்கு வழிவிடும் பொருட்டு, எஞ்சிய பருவம் முழுவதும் ஒதுக்கிவைக்கப்பட்டார். ஊதியம் தடையின்றி வந்தது. ஆட்டம் மட்டும் இல்லை. அவருக்கு மாற்றாக 2021இல் வந்த கெம்பா வாக்கர், தண்டருக்காக ஓர் ஆட்டமும் ஆடாமலே விடுவிக்கப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் மெம்பிஸிடம் 152-79 என்று அணி தோற்றது. என்.பி.ஏ. வரலாற்றிலேயே மிகப்பெரிய வித்தியாசம் அது. கட்டணம் செலுத்தி அரங்கில் அமர்ந்திருந்தோரும் இந்தக் கணக்கில் ஒரு பங்கைச் செலுத்தியவர்களே.

பலன் பிறகு வந்தது. தொடர்தோல்விகள் 2022இல் இரண்டாவது தேர்வாகச் செட் ஹோல்ம்கிரெனைத் தந்தன. ஜார்ஜை விட்டுப் பெற்ற உரிமை ஜேலன் வில்லியம்ஸைத் தந்தது. புதியவர்களின் முதல் நான்காண்டு ஊதியம் முன்பே வரையறுக்கப்பட்டிருப்பதால், குறைந்த செலவில் நிறைந்த அணி அமைந்தது. 2025 ஜூனில் இண்டியானாவை ஏழாவது ஆட்டத்தில் வென்று அந்த அணி கோப்பையை ஏந்தியது. அடுத்த மாதமே மூவருக்கும் ஒப்பந்த நீட்டிப்பு. மொத்தம் 80 கோடி டாலரைத் தாண்டக்கூடியது.

எனக்கு இங்கேதான் அந்தக் கணக்கின் பொருள் துலங்குகிறது. இருப்பைச் சேர்த்துவைப்பது புதியவர்களை வாங்குவதற்காக மட்டுமன்று; வளர்த்தவர்களைக் கைவிடாதிருக்கவும்தான். சேமித்த தேர்வுரிமைகள் ஆண்டுதோறும் குறைந்த ஊதியத்தில் துணைவீரர்களைத் தரும். அதனால் மூவரின் பெரும் ஊதியத்தைத் தாங்க முடியும். 2012இல் இல்லாத வசதி இது.

ஆனாலும் என் மனம் ஹார்ஃபோர்டிடமே நிற்கிறது. சுமையென்று கைமாற்றப்பட்ட அவர், பாஸ்டனுக்குத் திரும்பி, 2024இல் தமது 38ஆம் வயதில் முதன்முறையாகக் கோப்பையை வென்றார். எந்த ஒப்பந்தத்திலும் அதற்கென ஒரு பத்தி எழுதப்பட்டிருக்கவில்லை.