பார்லாம், பார்லாத், பார்லேர்!

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்துகளில் இரவு பத்து மணிக்கு மேல்தான் வீட்டுக்குள் ஃபேன் ஓடும் சத்தம் கேட்கும். அதுவரை ஜவுளிக்கடை மைக்கும் ஆட்டோ ஹாரனும்தான். கடைகள் ஷட்டரை இறக்கிய பிறகு அவள் நோட்டைத் திறப்பாள். ஒரு பக்கம் அம்மா புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருப்பார். இன்னொரு பக்கம், நாளெல்லாம் கடையில் நின்றபடி பட்டுப்புடவை விரித்துக் காட்டிய அப்பா, காலைச் சுவரில் தூக்கிவைத்துப் படுத்திருப்பார்.

“பார்லே, பார்லா, பார்லா, பார்லாம், பார்லாத், பார்லேர்…”

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த அம்மா கேட்டார்: “இன்னாடி, டெய்லி பார்லர் பார்லர்னுகினு கீற? போணும்னா போய்ட்டுதான் வாயேன்.”

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ‘பார்லே’ என்றால் பிரெஞ்சில் பேசுவது. நான் பேசினேன், நீ பேசினாய், அவன் பேசினான் என்று ஆறு இடத்துக்கும் வரிசையாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். அம்மா சொன்னதும் ஒன்றும் தப்பில்லை. ‘பார்லர்’ என்ற ஆங்கிலச் சொல்லே அந்தப் பிரெஞ்சு வினையிலிருந்து வந்ததுதான். உட்கார்ந்து பேசுகிற அறை என்று பொருள். பியூட்டி பார்லருக்குப் போய் வந்தவர்களைக் கேட்டால் பெயர்ப் பொருத்தம் புரியும்.

அவள் மனப்பாடம் செய்த இறந்தகாலத்துக்குப் ‘பாஸே சேம்ப்ள்’ என்று பெயர். எளிய இறந்தகாலம் என்று அர்த்தம். வினைச்சொல் ஒற்றைச் சொல்லாகவே நிற்பதால் அந்தப் பெயர். மற்றபடி அதில் எளிமையாக ஒன்றும் இல்லை. ‘இரு’ என்பதற்கு ஃப்யூ, ஃப்யூம், ஃப்யூத், ஃப்யூர். ‘செய்’ என்பதற்கு ஃபி, ஃபீம், ஃபீத், ஃபீர். ‘இல் வி’ என்று எழுதியிருந்தால் ‘அவன் வாழ்கிறான்’ என்றும் படிக்கலாம், ‘அவன் பார்த்தான்’ என்றும் படிக்கலாம். எழுத்துகூட மாறாது. முன்பின் வாக்கியத்தைப் பார்த்துத்தான் ஆள் உயிரோடு இருக்கிறானா, எதையோ பார்த்தானா என்று முடிவுசெய்ய வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டுக் கற்றாலும் பிரான்ஸில் யாரும் இப்படிப் பேசுவதில்லை என்பதுதான் வேடிக்கை. கடையில், பேருந்தில், சண்டையில், காதலில் எல்லாம் அவர்களுக்கு வேறொரு இறந்தகாலம் இருக்கிறது. துணைவினை ஒன்றைச் சேர்த்து இரண்டு சொல்லாகச் சொல்கிற ‘பாஸே கொம்போஸே’. ஒற்றைச் சொல் காலம் கதைக்கும் வரலாற்றுக்கும் என்று புத்தகத்துக்குள் தங்கிவிட்டது. ஆல்பெர் காம்யு 1942-ல் ‘அந்நியன்’ நாவலைப் பேச்சுவழக்குக் காலத்தில் எழுதியபோது அது பெரிய விஷயமாகப் பேசப்பட்டது. அடுத்த ஆண்டே வந்த ‘குட்டி இளவரசன்’ பெரும்பாலும் பழைய காலத்தில்தான் கதை சொல்கிறது.

நமக்கு இது புதிதில்லை. ‘போலீஸார் இருவரைக் கைது செய்தனர்’ என்று செய்தித்தாளில் தினமும் படிக்கிறோம். ‘மாமாவும் அத்தையும் வந்தனர், காபி குடித்தனர்’ என்று எந்த வீட்டிலாவது சொல்வார்களா?

இந்த வித்தியாசம் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தால் பின்னால் ஒரு அவமானம் மிச்சமாகியிருக்கும்.

பிரெஞ்சு அவள் ஆசைப்பட்டு எடுத்ததில்லை. பத்தாம் வகுப்பு முடிந்ததும், டியூஷனில் யாரோ “தமிழைவிட பிரெஞ்சுல மார்க் அள்ளலாம்” என்று சொன்னார்கள். சென்னையில் எத்தனையோ பிள்ளைகள் பிரெஞ்சுக்குள் நுழைவது அந்த வாசல் வழியாகத்தான். ப்ளஸ் ஒன்னில் தமிழ் நின்றது. மார்க்கும் வந்தது. ஆற்றுக்குத் தெற்கே ஒரு கல்லூரியில் பி.காம். கிடைத்தது.

முதல் வாரம், வகுப்பில் புரொஜெக்டர் வேலை செய்யவில்லை. “இன்னா சார், இப்டி கீது?” என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். வகுப்பே சிரித்தது. சினிமாவில் ரவுடி பேசுவதைக் கேட்டதுபோல் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் கல்லூரியில் வாய் திறந்தால் புத்தகத் தமிழ். “இல்லை, நான் சாப்பிட்டுவிட்டேன்” என்பாள். மெட்ரோ வண்ணாரப்பேட்டையில் வந்து நிற்கும்போதுதான் நாக்கு இளகும்.

பிரெஞ்சு வகுப்பு அவளுக்கு நிம்மதியாக இருந்தது அதனால்தான். அங்கே எல்லோரும் தப்பாகப் பேசினார்கள். தி.நகர் பிள்ளைக்கும் அடையாறு பிள்ளைக்கும் அந்த மொழி சொந்தமில்லை.

அந்தப் பழைய காலத்தை ஆசிரியை சொல்லிக்கொடுத்த விதமும் பிடித்துப்போனது. உதாரணத்துக்கு மெட்ராஸையே எடுத்துக்கொண்டார். 1746-ல் லா பூர்தொனேயின் படை வந்தது, ஜார்ஜ் கோட்டை வீழ்ந்தது, 1749-ல் நகரம் திரும்ப ஆங்கிலேயர் கைக்குப் போனது, 1758 டிசம்பரில் லாலி வந்து முற்றுகையிட்டார், அடுத்த பிப்ரவரியில் விட்டுவிட்டுப் போனார். எல்லா வினையும் பாஸே சேம்ப்ள். பழைய கறுப்பர் நகரத்துக்கும், கம்பெனித் துணியை வெளுக்க ஆட்கள் குடியேறிய தன் பேட்டைக்கும் பக்கத்தில் நடந்த கதை பிரெஞ்சில் இவ்வளவு கம்பீரமாக ஒலிக்குமா என்று அவளுக்கு ஆச்சரியம்.

துய்ப்ளேக்ஸின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை பெரம்பூரில் பிறந்தவர். 1736-ல் தொடங்கி அவர் எழுதிய நாட்குறிப்பு, அந்தக் காலப் பேச்சுத்தமிழ் வாடையோடுதான் இருக்கிறது. அதை யாரும் சிரிக்கவில்லை; ஆவணம் என்று கொண்டாடுகிறோம். இருநூற்றைம்பது வருடம் கழிந்தால் ‘இன்னா சார்’ என்பதற்கும் அந்த மரியாதை வரலாம்.

சென்ட்ரல் பக்கத்தில் பழைய புத்தகக் கடையில் ஜூல் வெர்னின் ‘எண்பது நாள்களில் உலகைச் சுற்றி’ பிரெஞ்சுப் பிரதி கிடைத்தது. அட்டை கிழிந்திருந்தது. ஐம்பது ரூபாய். 1872-ல் தொடராக வந்த கதை. பக்கத்துக்குப் பக்கம் அந்தக் காலம்தான். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வருடம் படித்தாள். அவள் பிரெஞ்சு முழுக்க அந்தப் புத்தகத்தின் பிரெஞ்சாகிப்போனது.

பேச்சுக்கும் அதையே எடுத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரட்டைச் சொல் காலத்தில் எந்தத் துணைவினை போடுவது என்று யோசிக்க வேண்டும், சில வினைகளில் பெண் என்றால் எழுத்தில் ஒரு ‘எ’ சேர்க்க வேண்டும். ஒற்றைச் சொல்லில் அந்தத் தொல்லை இல்லை. ‘ஜே பார்லே’ என்பது பேச்சுவழக்கு, ‘ஜெ பார்லே’ என்பது புத்தகம். காதுக்கு அரை மாத்திரைதான் வித்தியாசம். அதனால் வகுப்பில் யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை.

நேர்முகத் தேர்வில் மாட்டினாள். பிரெஞ்சு வாடிக்கையாளர்களின் போன் அழைப்புகளைக் கவனிக்கும் வேலை. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குச் சம்பளம் கூடுதல். அப்பாவின் கால் வீக்கத்தை நினைத்துக்கொண்டுதான் போனாள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். “ஜெ நாக்கி…” என்று தொடங்கினாள். ‘நான் பிறந்தேன்’. ‘ஜெ சுயி நே’ என்று சொல்லியிருக்க வேண்டும். எதிரில் இருந்தவர் புருவத்தைத் தூக்கினார். அடுத்த வாக்கியத்தில் சிரித்தேவிட்டார். “நெப்போலியன் காலத்தில் பிறந்தீர்களா?” என்றார்.

தமிழில் சொல்வதென்றால் அவள் சொன்னது இப்படி இருந்திருக்கும்: ‘யான் சென்னைப் பட்டினத்தே பிறந்தனன், ஆங்கே கல்வி கற்றனன்.’

பேச்சைச் சரிசெய்துகொண்டு மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். மெட்ரோவில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். தமிழ் ரொம்ப லோக்கல் என்று சிரித்தார்கள். பிரெஞ்சு ரொம்ப இலக்கியம் என்று சிரிக்கிறார்கள். ஒரே வாய்தான்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது, அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார்: “அங்க சனங்க எப்டிதான் பேசுது? அத்த கேட்டுக்க வேண்டியதுதான?”

அதைத்தான் செய்தாள். மூன்று மாதம் காதில் இயர்போன். பிரெஞ்சு வானொலி, சமையல் வீடியோ, டிக்கெட் கிடைக்காமல் புலம்புகிறவர், பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டுகிறவர். அவர்களும் எழுத்தை விழுங்கினார்கள். ‘இல்லை’ என்று சொல்லும்போது இருக்க வேண்டிய ஒரு சின்னச் சொல்லைப் பாதி நேரம் விட்டுவிட்டார்கள். ‘எனக்குத் தெரியாது’ என்பதை ‘ஷே பா’ என்று இரண்டே அசையில் முடித்தார்கள். ‘தெர்ல’ என்று அவள் சந்தில் சொல்வது போலவே. அன்று அவளுக்கு அந்த மொழியோடு இருந்த பயம் பாதி விட்டது.

இரண்டாவது முறை வேலை கிடைத்தது. பாரிஸில் காலை 9 மணி என்றால் இங்கே மதியம் 12.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 1.30. வேலையில் இதுவரை ஒருவர்கூட அவளிடம் பாஸே சேம்ப்ள் பேசவில்லை.

ஆனால் ஜூல் வெர்ன் இன்னும் தலைமாட்டில்தான் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, அப்பா அந்தக் கிழிந்த அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இதுல அப்டி இன்னாதாம்மா கீது? சொல்லு, கேப்போம்.”

அவள் பக்கத்தைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினாள். ஒவ்வொரு பாஸே சேம்ப்ளும் வாய்க்கு வரும்போது வண்ணாரப்பேட்டையாகிவிட்டது.

“ஒரு வெள்ளக்காரரு நைனா. எம்பது நாள்ல உலகத்த சுத்திட்டு வரேன்னு பந்தயம் கட்டிக்கினாரு. பாம்பேல எறங்கினாரு. ரயில் ஏறினாரு. பாதி வழில பாத்தா தண்டவாளமே இல்ல, இன்னும் போடவே இல்ல. இன்னா பண்ணாரு தெரியுமா? ஒரு ஆனைய வாங்கிட்டாரு.”

“ஆனையவா? எவ்ளோக்கு?”

“ரெண்டாயிரம் பவுண்டு.”

அப்பா காலைச் சுவரிலிருந்து இறக்கி எழுந்து உட்கார்ந்தார். “ரெண்டாயிரம் பவுனா?”

“பவுன் இல்ல நைனா, பவுண்டு. அவங்க காசு.”

“ஆங்… அப்ப மெட்ராஸ்க்கு எப்ப வந்தாரு?”

“வரவே இல்ல. நேரா கல்கத்தா போய்ட்டாரு.”

“த்சொ,” என்றார் அப்பா. “சரி, மேல சொல்லு. ஆன இன்னா ஆச்சு?”