உங்கள் தோலின் நிறத்திலேயே ஒரு பூச்சு

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் நான் அடிக்கடி காண்கின்ற ஒரு விடயம் உண்டு. கடன், வாழ்வாதாரம், வீட்டுத்திட்டம் எல்லாம் பேசி முடிந்து மற்றவர்கள் வெளிக்கிடும் நேரத்தில்தான் ஒரு பெண் மெல்ல அருகில் வருவார். "பிள்ளை, இந்தத் தழும்பை மறைக்க ஏதும் பூசலாமோ?" என்று கேட்பார். கன்னத்தில் ஷெல் துண்டு கீறிய அடையாளம், அல்லது கழுத்தில் எரிகாயம், அல்லது நெற்றியோரம் தையல் போட்ட வடு. யுத்தம் 2009இல் முடிந்துவிட்டது. தழும்பு முடியவில்லை.

கேட்பவர்கள் கூச்சத்துடன்தான் கேட்கிறார்கள். கணவரை இழந்தவளுக்குப் பூச்சும் பொட்டும் எதற்கு என்று ஊர் கேட்கும். கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண்ணின் நிலை இன்னும் கடினமானது. பொட்டு வைக்காவிட்டால் அவர் இறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டது போலாகும், முகத்தில் எதையாவது பூசினால் "ஆருக்குக் காட்ட?" என்பார்கள். முகத்தில் உள்ள ஓர் அடையாளம் அந்த மனிதரின் மற்றெல்லாவற்றையும் எப்படிப் பின்தள்ளிவிடுகிறது என்று எர்விங் கொவ்மன் 1963இல் ஒரு நூலே எழுதினார். பல்கலைக்கழகத்தில் அதைப் பரீட்சைக்காகப் படித்தேன். விளங்கியது இந்தக் கூட்டங்களில்தான்.

மறைப்புப் பூச்சின் வரலாறும் இப்படியொரு முகத்திலிருந்துதான் தொடங்குகிறது. லிடியா ஓ'லியரி என்ற அமெரிக்கப் பெண்ணுக்குப் பிறப்பிலேயே முகத்தில் பெரிய செந்நிற அடையாளம் இருந்தது. அதனால் வேலை மறுக்கப்பட்ட அவர், தானே ஒரு பூச்சைத் தயாரித்து 1932இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 'கவர்மார்க்' என்பது அதன் பெயர். பிரித்தானியாவில் செஞ்சிலுவைச் சங்கம் 1975இல் தழும்பு மறைக்கப் பழக்கும் சேவையை ஆரம்பித்தது. அங்கே இதை ஆடம்பரம் என்று எவரும் சொல்லவில்லை.

இனி விடயத்துக்கு வருவோம். பவுண்டேசன் வாங்க முதல் உங்கள் தோலை அறிந்துகொள்ளுங்கள். முகத்தைக் கழுவி, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் விட்டு, மெல்லிய ரிசுத் தாளை ஒற்றிப் பாருங்கள். எல்லா இடமும் எண்ணெய் ஒட்டினால் எண்ணெய்த் தோல். நெற்றியிலும் மூக்கிலும் மாத்திரம் ஒட்டினால் கலப்புத் தோல். ஒட்டாமல் தோல் இழுக்குமானால் உலர்ந்த தோல். எண்ணெய்த் தோலுக்கு எண்ணெய் சேராத, மினுக்கம் குறைந்த வகை பொருத்தம். எங்கள் வெயிலில் மற்றவை உச்சிக்கு முன்னரே வழிந்துவிடும். உலர்ந்த தோலுக்குக் கிறீம் வகையே நல்லது.

நிறம் தெரிவதில்தான் எம்மவர்கள் தடுமாறுகின்றனர். சாமத்திய வீடுகளிலும் கலியாண வீடுகளிலும் பாருங்கள்: முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை இன்னொரு நிறம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மா பூசியது போல வெள்ளையடித்து மேடையில் இருத்துகிறோம். எனக்கு அது அழகாகத் தெரிவதில்லை. அந்தப் பிள்ளைக்கு "உன்ரை நிறம் காணாது" என்று ஊர்கூடிச் சொல்வதாகவே தெரிகிறது. பூச்சைக் கையின் பின்புறத்தில் வைத்துப் பார்க்க வேண்டாம். தாடையோரம் சிறிது தடவி, கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எது கண்ணுக்குத் தெரியாமல் போகிறதோ அதுவே உங்கள் நிறம்.

வெள்ளையாக்கும் கிறீம்களை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். பவுண்டேசன் தோலின் மேல் நிற்கும். அவை தோலின் உள்ளே வேலை செய்பவை. தயாரித்தவர் பெயரோ உள்ளடக்கமோ இல்லாத மலிவான சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது சிறுநீரகத்தைப் பாதிக்கும், கர்ப்பத்திலுள்ள சிசுவையும் சேரும். மினமாட்டா உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள், பாதரசம் சேர்த்த எல்லா அழகுப் பொருட்களையும் 2025உடன் நிறுத்துவதென 2023இல் தீர்மானித்தன. ஆனாலும் பெட்டிக்கடை அலுமாரிக்கு உடன்படிக்கை போய்ச் சேர நாள் எடுக்கும்.

தழும்புக்கு வருவோம். காயம் முழுதாக ஆறிய தோலில் மாத்திரமே பூசலாம். முதலில் காதின் பின்புறம் சிறிது தடவி இரண்டு நாள் பாருங்கள். கடித்தால், சிவந்தால் விட்டுவிடுங்கள். எரிகாயத் தழும்பில் எண்ணெய்ச் சுரப்பு இராது. ஆகவே ஈரப்பதன் தரும் கிறீமைப் பூசி, அது ஊறிய பின்னரே தொடங்க வேண்டும். வெளிறிய தழும்புக்கு உங்கள் நிறப் பவுண்டேசனே போதும். கறுத்த தழும்பின் மேல் அதை நேரே பூசினால் சாம்பல் பூத்தது போலத் தெரியும்; அடியில் மெல்லிதாகச் செம்மஞ்சள் நிறத் திருத்தப் பூச்சு வேண்டும். தேய்க்காமல், ஈர ஸ்பொஞ்சால் ஒற்றி ஒற்றி, தழும்பின் ஓரத்தைத் தாண்டி நல்ல தோலுடன் கலக்கச் செய்யுங்கள். சற்று உலர விட்டு இன்னொரு மெல்லிய படை. கடைசியில் பவுடரை ஒற்றிவிட்டால் வியர்வையில் இலகுவில் கரையாது.

தடித்து மேலெழுந்த தழும்பின் நிறத்தை மறைக்கலாம், உயரத்தை மறைக்க முடியாது. அது கடித்தாலோ வளர்ந்தாலோ, உள்ளே துண்டு கிடந்து நோவெடுத்தாலோ வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குப் போங்கள். ஊசி மூலம் தடிப்பைக் குறைக்கும் சிகிச்சை உண்டு.

வடமராட்சிப் பக்கம் ஓர் அக்காவுக்கு நானே பூசிக் காட்டினேன். கன்னத்து வடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. கண்ணாடியை நெடுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு பிள்ளை. மகளின்ரை பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் பூசிக்கொண்டு போறன். வீட்டிலை வேண்டாம், சின்னவனுக்கு என்னை இப்பிடித்தான் தெரியும்" என்றார். அப்படியே செய்கிறார்.

திறந்த பவுண்டேசனை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். நிறம் ஒத்திருந்தாலும் ஸ்பொஞ்சைப் பிறருடன் பகிராமல், பாவித்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காய விடுங்கள். இரவில் முகத்தைக் கழுவாமல் படுக்கக்கூடாது. உலர்ந்த தோலுள்ளவர்கள் முதலில் சிறிது தேங்காயெண்ணெய் தடவித் துடைக்கலாம். பரு வருகின்றவர்கள் எண்ணெயைத் தவிர்த்து, மென்மையான சவர்க்காரத்தால் இரண்டு தரம் கழுவினால் போதும்.