முன்னிற்கும் சுரப்பி

தமிழில் வலிக்குச் சொற்கள் ஏராளம். குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், இழுப்பு, விண்விண்ணென்று தெறித்தல் என ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. ஆயினும் இடுப்புக்குக் கீழே ஓர் ஆணின் உடலில் தோன்றும் வலியைச் சொல்ல நேர்கையில் இத்தனை சொற்களும் கைவிட்டுவிடுகின்றன. 'சூடு பிடித்துக்கொண்டது' என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் எல்லாம் அடங்கிப்போகிறது. கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பைத் தடவி, இரண்டு செம்பு நீர்மோரைக் குடித்துவிட்டு, அத்தோடு பேச்சையும் முடித்துக்கொள்வதே வழக்கம்.

இக்கட்டுரையைக் கணவனும் மனைவியுமாக நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். நோய் எங்களில் ஒருவருக்குத்தான் வந்தது. ஆனால் ஒருவர் இரவில் ஐந்து முறை எழுந்தால் உறக்கம் கலைவது இருவருக்கும்தான். ஆகவே 'நாங்கள்' என்று சொல்வதே உண்மைக்கு நெருக்கமானது.

புரோஸ்டேட் என்பது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். 'முன்னால் நிற்பது' என்று பொருள். தமிழில் அதை முன்னிற்கும் சுரப்பி என்று பெயர்த்திருக்கிறார்கள். இளம் வயதில் ஏறத்தாழ 20 கிராம் எடை; சிறுநீர்ப்பையின் வாயிலில் காவலாள்போல் இருக்கும் இச்சுரப்பியின் நடுவே புகுந்துதான் சிறுநீர்க்குழாய் வெளியேறுகிறது. காவலாளுக்கே காய்ச்சல் கண்டால் வாயில் இடறத்தானே செய்யும்? முதுமையில் இச்சுரப்பி பருப்பதைப் பலரும் அறிவர். ஆனால் ஐம்பதுக்குட்பட்ட ஆண்களையும் பெருமளவில் பிடிக்கும் இதன் அழற்சியைப் பற்றி அதிகம் பேச்சில்லை. எங்கள் வீட்டுக்கு அது வந்தது நாற்பத்திரண்டாம் வயதில்.

முதலில் பார்த்த மருத்துவர் சில வினாக்களைக் கேட்பதற்காக எங்களில் ஒருவரை வெளியே அனுப்பினார். 'வெளித்தொடர்பு ஏதும் உண்டா?' என்பது அவற்றுள் ஒன்று. மருத்துவத்தில் அது கேட்க வேண்டிய கேள்விதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் மூடிய கதவுக்கு இருபுறமும் நின்ற எங்களுக்கு, அக்கதவு வீடுவரை கூடவே வந்துவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. அன்றிரவே உள்ளே கேட்கப்பட்டது என்ன, சொல்லப்பட்ட விடை என்ன என்பதை ஒன்றுவிடாமல் பேசினோம். இந்நோய் உண்டாக்கும் மிகப்பெரிய சேதம் சுரப்பியில் நிகழ்வதில்லை, சொல்லப்படாத சொற்களில்தான் நிகழ்கிறது என்று அன்று தோன்றியது. இன்றும் அவ்வாறே எண்ணுகிறோம்.

சிறுநீரைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார்கள். 'ஒன்றுமில்லை' என்று முடிவு வந்தது. ஒன்றுமில்லாத நோய்க்கு ஆறு வாரம் ஆன்டிபயாட்டிக் தந்தார்கள். வலி அசையவில்லை. இடையில் எடுத்த பிஎஸ்ஏ இரத்தச் சோதனை இயல்பைவிட உயர்ந்து நின்றது. புற்றுநோயாக இருக்கலாமோ என்ற ஐயத்தோடு, அடுத்த சோதனைவரை நாட்களை எண்ணிக் கழித்தோம். அழற்சி மட்டுமே இருந்தாலும் அந்த அளவு ஏறும், தணிந்தபின் மீண்டும் பார்த்துத்தான் எதையும் முடிவு செய்ய வேண்டும் என்பதை இரண்டாவது மருத்துவர்தான் பொறுமையாக விளக்கினார். மறுசோதனையில் அளவு இறங்கியிருந்தது. அந்தத் தாளை நாங்கள் இன்னும் கிழித்துப்போடவில்லை.

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 1995-இல் கூட்டிய பயிலரங்கின் வழியே இவ்வழற்சியை நான்காக வகுத்தார்கள். குளிர்நடுக்கத்தோடும் கடுங்காய்ச்சலோடும் திடீரெனத் தாக்குவது முதல்வகை. சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் கூடும். உடனே மருத்துவமனைக்கு ஓடியாக வேண்டும். கிருமி தங்கித் திரும்பத் திரும்ப வருவது இரண்டாவது. கிருமி எதுவும் சிக்காமல் மாதக்கணக்கில் நீடிக்கும் இடுப்புக்கூட்டு வலி மூன்றாவது. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் இவ்வகையினரே. அறிகுறியே காட்டாதது நான்காவது. எங்களுடையது மூன்றாவது. இடுப்புத்தளத் தசைகள் இறுகிப்போவதும், நரம்புகள் வலியை மறக்காமல் வைத்திருப்பதும், மனக்கவலையும் இதில் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்கிறார்கள். ஒரே மருந்தில் தீர்வதில்லை.

இந்நோயின் கடுமையை அளக்க 1999-இல் வெளியான வினாப்பட்டியல் ஒன்று உண்டு. மொத்தம் 43 மதிப்பெண். வலிக்கு 21, சிறுநீர்த் தொல்லைக்கு 10, வாழ்க்கைத்தரத்துக்கு 12. அதன் இறுதி வினா, இந்த ஒரு வாரம் இருந்தது போலவே எஞ்சிய வாழ்நாள் முழுவதும் இருந்துவிட்டால் எப்படி உணர்வீர்கள் என்பது. நாவல்கள் கேட்க வேண்டிய கேள்வியை ஒரு மருத்துவப் படிவம் கேட்டுவிட்டதே என்று வியந்தோம். அவ்விடையை மட்டும் இருவரும் தனித்தனியே எழுதிப்பார்த்தோம். இருவரும் ஒரே கட்டத்தில்தான் குறியிட்டிருந்தோம்.

இலக்கியம் இதைத் தொடவேயில்லை என்பதற்கில்லை. சிறுநீரகக் கல்லின் வேதனையை மொந்தேன் கூச்சமின்றி எழுதியிருக்கிறார். இத்தாலியில் வாழ்ந்த ஆங்கில நாவலாசிரியர் டிம் பார்க்ஸ் தம் இடுப்புவலியைப் பற்றி 2010-இல் ஒரு நூலே எழுதினார். அறுவைசிகிச்சையின் விளிம்புவரை சென்றவர், மூச்சுப் பயிற்சியிலும் விபாசனையிலும் தணிவு கண்ட கதை அது. நம்மிடையே இவ்விடத்தை நிரப்புவது நகரப் பேருந்து நிலையச் சுவரொட்டிகள்தான். மாதம் ஒருநாள் விடுதி அறையில் வந்து தங்கும் வைத்தியர், இளமைக்காலத் 'தவறுகளை'க் காரணம் காட்டி அச்சத்தை விற்கிறார். வெட்கம் மிகுந்த இடத்தில் வணிகம் செழிக்கிறது.

இப்போது எங்கள் அன்றாடத்தில் இடுப்புத்தளத் தசைகளைத் தளர்த்தும் பயிற்சி உண்டு. அகன்ற பாத்திரத்தில் வெந்நீர் நிரப்பி அமர்தலும், நீண்ட இருசக்கர வாகனப் பயணத்தைத் தவிர்த்தலும் உண்டு. சில மாதங்கள் டாம்சுலோசின் மாத்திரையும் இருந்தது. வலி போய்விட்டது என்று சொல்ல மாட்டோம். வருகிறது, தங்குகிறது, கிளம்புகிறது. வந்திருப்பதை மற்றவரிடம் சொல்லிவிடுவது என்பதொன்றே நாங்கள் வகுத்துக்கொண்ட விதி. அந்த மருத்துவமனையின் சிறுநீரியல் பிரிவில் ஆண்கள் வரிசையாக, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் அமர்ந்திருப்பார்கள். பெரும்பாலோர் தனியாகத்தான் வருகிறார்கள். அவர்களுள் சிலரேனும் அடுத்த முறை துணையோடு வரட்டும்.