ஈரமும் இழையும்

மலேசியாவின் கேமரன் மலையில் பருத்தி விளைவதில்லை. காய் முற்றி வெடிக்கும் பருவத்தில் தெளிந்த வெயிலையும் வறண்ட காற்றையும் வேண்டி நிற்கிற அந்தச் செடிக்கு, ஆண்டில் 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்து, நடுப்பகலிலும் 25 டிகிரியை அபூர்வமாகவே தாண்டுகிற இந்தச் சரிவுகளில் இடமில்லை. ஆயினும், 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலந்தொட்டு, இங்கே காடு திருத்தி, நாற்று நட்டு, கொழுந்தெடுத்த தமிழ் மக்களின் சரீரத்தைக் காத்து வந்தது பருத்தியே என்பதை, தானா ராத்தாவில் தையற்காரனாக ஜீவனம் நடத்தும் நான் நன்றாக அறிவேன். பட்டு வியாபாரத்தால் உலகப் பிரசித்தி பெற்ற ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26-ஆம் தேதி இம்மலையில் காணாமற் போனதைப் பற்றிச் சுற்றுலா வருகிறவர்கள் இன்றும் என் கடை வாசலில் நின்று விசாரிக்கிறார்கள். பருத்தியைப் பற்றிக் கேட்பார் ஒருவருமில்லாதது எனக்கு வருத்தமே; ஏனெனில் 1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடிப்பதற்கு வெகுகாலம் முன்பே, சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி அந்தத் துறையில் பெரிய வியாபாரமாக நடந்து வந்தது.

சமவெளியில் தொழில் பழகியவனுக்கும் மலையில் பழகியவனுக்கும் உள்ள வித்தியாசம், ஈரத்தைப் பற்றிய ஞானந்தான் என்பது என் அபிப்பிராயம். விதையின் தோலிலிருந்து நீண்டு வளரும் ஒவ்வொரு பருத்தி இழையும் ஒரே உயிரணு. காய்க்குள் ஈரத்தோடு உருண்ட குழலாக இருக்கும் அது, காய் வெடித்துக் காய்ந்ததும் தட்டையாகி முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கினாலேயே இழையோடு இழை பற்றி நூலாக நூற்க வருகிறது. உலர்ந்தபோது ஒடுங்கிய இழை தண்ணீரைக் கண்டதும் மறுபடி பருக்கிறது. மிதமான காற்றில் நூற்றுக்கு எட்டரைப் பங்கு ஈரம் கொள்ளும் பருத்தி, மூடுபனி இறங்கிக் கலையாமல் நிற்கும் நாட்களில் அதைப் போல் இரு மடங்குக்கும் மேலாக உறிஞ்சிவிடும். அன்று அலமாரியிலிருந்து எடுக்கும் காடாத் துணியே கைக்குக் கனக்கும். விறைப்பிழந்து கத்தரிக்கு முன்னால் சரிந்து சரிந்து போகும். அத்தகைய நாளில் நான் பழைய துணிக்கு ஒட்டுப் போடுவேனே தவிர, புதுத் துணியை வெட்டமாட்டேன்.

புதுத் துணியை நனைக்காமல் வெட்டுவதும் என் வழக்கமன்று. தறியில் பாவு நூலை விறைப்பாக இழுத்துக் கட்டி நெய்வதால், முதல் சலவையில் துணி அந்த விறைப்பைத் தளர்த்திக்கொண்டு, பாவின் வழியே அதிகமாகவும் ஊடையின் வழியே குறைவாகவும் சுருங்குகிறது. ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கிவிடும் உபாயத்தை அமெரிக்காவில் சான்ஃபோர்ட் க்ளூயெட் கண்டுபிடித்து 1930-ஐ ஒட்டி அது பரவிய பிறகும், என் தகப்பனார் வகுத்த கிரமத்தை நான் கைவிடவில்லை. இரவெல்லாம் தண்ணீரில் ஊறிக் கஞ்சி கழன்ற துணியை, முறுக்கிப் பிழியாமல் நிழலில் தொங்கவிட்டு, அரை ஈரம் இருக்கும்போதே மூலைக்கு மூலை பிடித்து இழுத்து நேராக்கி, பின்பு ஊடையில் ஓர் இழையை ஊசிமுனையால் நெம்பி, அறுந்துவிடாதபடி மெல்ல மெல்ல உருவ வேண்டும். உருவி முடித்ததும் துணியின் குறுக்கே மயிரிழை அகலத்தில் ஒரு வெளிச்சக் கோடு தெரியும். கத்தரி அந்தக் கோட்டின் மேல்தான் போக வேண்டும். சுண்ணக்கட்டியும் அளவுகோலும் தவறக்கூடும். உருவிய இழை தவறாது.

கொழுந்தெடுக்கும் பெண்களுக்குத் தைப்பதில் தனிக் கவனம் வேண்டியிருந்தது. விடியற்காலையில் நிரைக்குள் இறங்கினால் இடுப்பு வரையில் பனிநீர் நனைக்கும். நனைந்த பருத்தியோ குளிரில் சரீரத்தின் சூட்டை வாங்கிவிடும். ஆகவே இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் விரிப்பும், மேலே வியர்வையை ஏற்கும் முழுக்கைப் பருத்திச் சட்டையும் என்று அவர்களே அநுபவத்தில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். எட்டி எட்டிப் பறிக்கும் கைக்கு அக்குளில் சதுரமாக ஒரு துண்டு சேர்த்துத் தைத்தால் இழுப்பு விழாது. அங்கே பருத்தி நூலையே கோப்பேன். பாலியெஸ்டர் நூல் துணியைவிட வலுவானதால், இழுப்பு மிகும்போது தான் அறாமல் துணியைக் கிழித்துவிடும். அறுந்த நூலை ஒரு நிமிஷத்தில் ஓட்டிவிடலாம், கிழிந்த துணியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எந்தத் தையற்காரனாலும் இயலாது. நனைந்தால் ரேயானின் பலம் குன்றும், பருத்தியின் பலமோ கூடும். தொழிலாளர் குடியிருந்த லயத்துக் குழாயடியில் கல்லில் அறைந்து துவைத்த சட்டைகள் வருஷக்கணக்கில் உழைத்ததற்கு இதுவே காரணம்.

உழைத்து ஓய்ந்த பருத்தியை யாரும் எறிந்ததில்லை. சாயம் போன நூற்புடவை தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் தூளியாகும். பலமுறை துவைத்து மெத்தென்று ஆனபின் அதன் ஸ்பரிசத்துக்கு ஈடான புதுத் துணியை நான் கண்டதில்லை. தூளியும் இற்றபோது அது பச்சைக் குழந்தைக்கு இடுப்புத் துணியாகி, அதற்கும் பின்னர் அடுக்களையில் கரித்துணியாகும்.

இப்போது தோட்டங்களில் கத்தரியும் இயந்திரமும் கொழுந்தெடுக்கின்றன. வேலை செய்வோரில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஆயத்தமாக விற்கும் பாலியெஸ்டர் பனியன் மலிவு, பனியிலும் சீக்கிரம் உலர்கிறது. அதை வாங்குகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால், வங்காளதேசத்து இளைஞர்கள் சிலர் என் மேசைக்கு வந்து, துணியின் விளிம்பைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்து, ஒன்றும் பேசாமல் நல்ல பருத்தியையே பொறுக்கி எடுக்கும்போது, அவர்கள் மஸ்லின் நெய்த தேசத்தின் பிள்ளைகள் என்பது பிரத்தியட்சமாகத் தெரிகிறது.

ஈப்போவிலிருந்து வரும் துணியில் கலப்பு மிகுந்துவிட்டதால், ஒவ்வொரு கட்டிலும் நாலு இழை உருவி நெருப்பில் காட்டுகிறேன். பருத்தியானால் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். பாலியெஸ்டர் இருந்தால் உருகிக் கெட்டியான கறுப்பு மணியாகத் திரளும். மணி திரண்ட துணியைத் திருப்பி அனுப்புவதில்லை. மேலே போடும் சட்டைக்கும் கடைக்காரர்களின் அங்கிக்கும் அதை ஒதுக்கிவிட்டு, குழந்தைகளுக்கும் முதியோருக்கும் தைப்பதற்கு மட்டும் சாம்பலான துணியைத் தனித் தட்டில் வைத்திருக்கிறேன்.