மரை பார்க்கப் போன காலை



கொஞ்சம் நீளமான பதிவு. ரெண்டு கிழமையாக எழுதவா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நம்ம ஊர் ஆட்கள் வாசிக்க வேண்டும்.

லீவு விடுவதற்கு முதல் வாரம் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், மரைக்கு இங்கிலிஷ்ல எல்க்கா?" எங்கே பார்த்தாய் என்றேன். யூடியூபில் என்றான். அமெரிக்காவில் வில் அம்போடு மலைக்குப் போய் எல்க் வேட்டையாடுகிறவர்களின் வீடியோக்களை மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த ஊர் எல்க் வேறு, நம்ம மரை வேறு என்று சொல்லிக் கொடுத்தேன். ஆனால் அவன் கேட்டதில் பிழையும் இல்லை. வெள்ளைக்காரத் துரைமார் நம்ம மரையைத்தான் எல்க் என்று எழுதி வைத்தார்கள். நுவரெலியாவுக்குப் பக்கத்தில் எல்க் பிளேன்ஸ் என்ற பெயர் இன்றைக்கும் இருக்கிறது. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் வேட்டை நாய்களை விட்டு மரையைத் துரத்தி, கடைசியில் கத்தியால் குத்திக் கொன்றதைப் புத்தகமாகவே எழுதினார். அந்தக் காலத்தில் அது விளையாட்டு.

அவனுக்குப் பிடித்தது வேட்டை நடக்கும் நாள் இல்லை. அதற்கு முன்னால் நடக்கும் வேலை. அங்கே அம்பு வேட்டைக்காலம் பெரும்பாலும் செப்டம்பரில். ஆனால் அவர்கள் ஜூலை, ஆகஸ்ட்டிலேயே மலை ஏறிவிடுவார்கள். மேட்டில் உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்ப்பார்கள். எங்கே தண்ணீர் குடிக்கிறது, எங்கே சேற்றில் புரள்கிறது, எந்த மரத்தில் கொம்பைத் தேய்த்திருக்கிறது, காலையில் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வார்கள். துப்பாக்கி என்றால் தூரத்தில் இருந்து சுடலாம். அம்பு என்றால் முப்பது நாற்பது மீற்றருக்குள் போக வேண்டும். அவ்வளவு கிட்டப் போவதற்கு அந்த மிருகத்தின் நாளாந்த வாழ்க்கையே தெரிந்திருக்க வேண்டும்.

"நாங்களும் போறோம் சேர். வேட்டைக்கு இல்ல, வீடியோ எடுக்க மட்டும்" என்றான். நாலு பேர் சேர்ந்து திட்டம் போட்டிருந்தார்கள். தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு நானும் போனேன்.

சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். பொல்பிட்டியவைத் தெரிந்தவர்களுக்கு அந்த நேரத்துச் சத்தம் தெரியும். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகிற இடம் நம்ம இடம். வாகனம் ஓடாத நேரத்தில் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். பஸ்ஸில் மேலே போய் இறங்கி, காடாகிப்போன பழைய தேயிலை மலை ஒன்றின் ஓரமாக ஏறினோம். சரணாலயக் காட்டுக்குள் போகவில்லை, ஓரத்தோடு நின்றோம். மேகம் விலகும்போது பாவாத மலை தெரிந்தது. அட்டைக் கடிக்கு சவர்க்காரமும் தேசிக்காயும் கொண்டு போயிருந்தேன். பெரிதாக வேலை செய்யவில்லை.

நம்ம மாணவன் காற்சட்டைப் பையிலிருந்து முகத்துக்குப் போடும் பவுடர் டின்னை எடுத்தான். கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டி ஊதினான். பவுடர் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் நம்ம வாசமும் போகும். மரைக்குக் கண்ணை விட மூக்குத்தான் பெரிசு. மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். ஆனால் அவன் சொன்ன பக்கமாகத்தான் நடந்தோம்.

ஒரு மணித்தியாலத்துக்குள் அவன் எனக்கு ஆசிரியர் ஆகிவிட்டான். ஈர மண்ணில் இரட்டைக் குளம்பு காட்டினான். மாட்டுத்தடத்தை விட ஒடுக்கம், முன்பக்கம் கூர். புழுக்கையைக் குச்சியால் உடைத்து, உள்ளே ஈரம் இருப்பதால் இரவில் போட்டது என்றான். ஒரு இளமரத்தில் இடுப்பளவில் பட்டை உரிந்து கிடந்தது. ஆண் மரை கொம்பு தேய்த்த இடம். அதற்குக் கீழே சிறிய ஓடையோரம் சேற்றுக்குழி. அதில் ரோமம் ஒட்டியிருந்தது. இருபது வருடமாக இந்த மலைகளைப் பார்த்துக்கொண்டு பாடம் நடத்துகிறேன். இதில் ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

சேற்றுக்குழியில் இருந்து தடம் மேட்டு மரக்கறித் தோட்டத்துப் பக்கம் ஏறியது. முன்னால் போன அவன் சட்டென்று நின்றான். ரெண்டு செடிக்கு நடுவில், தடத்துக்குக் குறுக்கே, கம்பிச் சுருக்கு. மோட்டார் சைக்கிள் கேபிளை முறுக்கிச் செய்தது. மறுமுனை ஒரு மரத்தில் இறுகக் கட்டியிருந்தது.

மற்றவர்கள் போன் எடுத்துப் படம் பிடிக்கப் பார்த்தார்கள். இவன் கையால் மறைத்தான். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்: "எங்கப்பா வச்சதுங்க சேர்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்தேன். அவனே பேசினான். தோட்டத்துச் சம்பளம் போதாமல் அப்பா லீவு நாட்களில் அந்தத் துண்டு நிலத்தில் மரவள்ளியும் வத்தாளையும் போடுகிறார். போன வருடம் ஒரே இரவில் பன்றிகள் முழுவதையும் கிண்டிவிட்டுப் போய்விட்டன. விதைக்கு வாங்கிய கடன் இன்னும் கட்டி முடியவில்லை. சுருக்கு பன்றிக்குத்தான்.

பன்றிக்குத்தான். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை சிக்கியதும் பன்றிக்கு வைத்ததாகச் சொன்ன சுருக்கில்தான். உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். மூன்றே நாளில் செத்துப்போனது. அந்தப் படத்தை நம்மில் எத்தனை பேர் கண்ணீர் வடிக்கும் பொம்மையோடு பகிர்ந்தோம். நானும் பகிர்ந்தேன்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமான பகுதி.

அதே வருடக் கடைசியில் ஒருவர் எங்கள் வீட்டுக்கு ரெண்டு கிலோ மரை இறைச்சி கொண்டுவந்தார். "உயிரோட இருந்திச்சு, பிஸ்மி சொல்லித்தான் அறுத்தது" என்றார். நான் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்படிப் பிடிபட்டது, யார் பார்த்தது, ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் வாங்க முடியாமல் போகும் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தது. மிளகு தூக்கலாகப் போட்டுச் சமைத்தோம். பிள்ளைகளும் சாப்பிட்டார்கள்.

என்னுடைய வாப்பா இருந்திருந்தால் கேட்டிருப்பார். வேட்டை மார்க்கத்தில் தடை இல்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் அதற்கு எவ்வளவு நிபந்தனை? பிஸ்மி சொல்லி எய்த அம்பு கூர்முனையால் துளைத்தால் ஆகும். அம்பின் பக்கவாட்டு மோதி அடியில் செத்தால் ஆகாது. அம்பு பட்ட பிராணி தண்ணீரில் விழுந்து செத்துக் கிடந்தால் சாப்பிடக் கூடாது, ஏனென்றால் கொன்றது அம்பா தண்ணீரா என்று நமக்குத் தெரியாது. அந்தச் சின்னச் சந்தேகத்துக்கே அவ்வளவு பேணுதல். கழுத்து நெரிபட்டுச் செத்தது ஹராம் என்று ஸூரத்துல் மாயிதாவிலேயே வந்திருக்கிறது. இஹ்ராமில் இருந்தவர்களுக்கு, கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணிகளைக் கொண்டு சோதனை வந்ததும் அதே ஸூராவில்தான். எட்டுகிற தூரத்தில் இருப்பதை எடுக்காமல் இருப்பதுதான் சோதனை. என் சமையலறைக்கே வந்தது எனக்கு எட்டும் தூரம் இல்லையா?

மார்க்கத்தை விட்டாலும், மரை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட மிருகம். கொல்வதும் குற்றம், இறைச்சியை விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். 1937ஆம் ஆண்டிலேயே வந்த கட்டளைச் சட்டம். படித்துக் கொடுக்கிறவன் நான். தெரியாது என்று சொல்ல முடியாது.

அன்றைக்குப் பின்னேரம் அந்தத் தகப்பனைப் பார்க்க லயத்துக்குப் போனேன். பேரைச் சொல்லாமல் எழுதலாமா என்று கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் இதை எழுதுகிறேன். பிளேன்டீ தந்தார். நான் குற்றம் சொல்வேன் என்று நினைத்து முதலில் முகம் பார்க்காமல் இருந்தார். நான் சாப்பிட்ட இறைச்சிக் கதையை முதலில் சொன்னேன். அதற்குப் பிறகுதான் பேசினார். "கம்பி வச்சா ராவைக்குத் தூங்கலாம் சேர். இல்லாட்டி நான்தான் முழிச்சிக் கெடக்கணும்." விடிந்தால் கொழுந்து மலைக்குப் போக வேண்டியவர் அவர். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

மகன்தான் பேசினான். கம்பிக்கு யார் வருகிறார்கள் என்று தெரியாது, அப்பா வைத்த தடத்தில் பன்றிக் காலை விட மரைக் கால்தான் அதிகம் என்று போனில் எடுத்த படங்களைக் காட்டினான். தகப்பன் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அடுத்த நாள் என் கண் முன்னால் ரெண்டு சுருக்கைக் கழற்றினார். இன்னும் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அவர் மகன் கேட்பான்.

நான் நம்ம ஆட்களிடம் கேட்பது மூன்று. ஒன்று, மரை இறைச்சி என்று யார் கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள். வாங்குகிற ஆள் இருக்கும் வரை பன்றிக்கு வைத்த கம்பி என்ற பேரில் மரைக்கும் கம்பி விழும். ரெண்டு, சுருக்கில் உயிரோடு ஏதாவது சிக்கியிருந்தால் கிட்டப் போகாதீர்கள், வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்குச் சொல்லுங்கள். மூன்று, அந்தத் துண்டு நிலத்துக்கு வேலி அடிக்க வலைக்கம்பி வேண்டும். இறைச்சிக்கு அன்றைக்குக் கொடுத்த அளவு பணத்தை நான் அதற்குக் கொடுத்துவிட்டேன். சேர விரும்புகிறவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள். அந்தக் குடும்பத்துக்கு மட்டும் இல்லை, அந்த வரிசையில் இன்னும் சில குடும்பங்கள் இருக்கின்றன.

மரையைப் பார்த்தீர்களா என்று கேட்பீர்கள். இறங்கி வரும்போது காற்றுத் திரும்பிவிட்டது. பவுடர் எங்கள் முகத்தை விட்டு முன்னால் பறந்தது. மேட்டுப் புதருக்குள்ளிருந்து தகரத்தில் அடித்தது போல ஒரு சத்தம், பிறகு காலால் மண்ணை உதைக்கும் சத்தம். அவ்வளவுதான். வீடியோவில் ஆடுகிற இலைகள் மட்டும் எட்டு செக்கன் இருக்கின்றன. அதை நாலு பேரும் இன்னும் அழிக்கவில்லை. அடுத்த லீவுக்குக் காற்றைச் சரியாகப் பார்த்துப் போக வேண்டுமாம். சேரும் கட்டாயம் வர வேண்டுமாம்.